தொடாமல் கற்றல்: தெரமின் கருவியும் செவ்வியல் இசைப் பயிற்சியும்

சுருக்கம்

இசைப்பவர் தொடாமலே ஒலிக்கும் தெரமின் என்னும் மின்னணுக் கருவி, தோன்றிய நாள்தொட்டுப் பெரிதும் வியப்புப் பொருளாகவே அறியப்பட்டு வந்துள்ளது. அக்கருவியில் செவ்வியல் இசையைக் கற்பது எவ்வாறு இயல்வதாயிற்று, அக்கல்வியின் இடர்கள் யாவை என்பவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. ஒரு கருவியை இசைக்கருவியாக நிலைபெறச் செய்வதில் அதன் கண்டுபிடிப்பைவிட அதன் பயிற்றுமுறைக்கே பங்கு மிகுதி என்றும், தானியங்கிச் சுருதித் திருத்தத்தைத் தொடக்கநிலையில் கைக்கொள்வது அப்பயிற்றுமுறையைக் குலைக்கும் என்றும் இக்கட்டுரை கருதுகிறது.

திறவுச்சொற்கள்: தெரமின், செவ்வியல் இசை, சுருதி, விரலமைப்பு, பயிற்றுமுறை, கிளாரா ராக்மோர்

முன்னுரை

தோல், துளை, நரம்பு, கஞ்சம், மிடறு என இசைக்கருவிகளை ஐவகைப்படுத்துவது தமிழ் மரபு. மிடற்றையும் ஒரு கருவியாக எண்ணியது இப்பகுப்பின் தனிச்சிறப்பு. மேலை நாட்டில் எரிக் ஃபான் ஹார்ன்போஸ்டலும் குர்ட் சாக்ஸும் 1914இல் வெளியிட்ட பகுப்பு நான்கு வகைகளைக் கொண்டிருந்தது. மின்னாற்றலால் ஒலிக்கும் கருவிகள் பெருகிய பின்னர் 1940இல் சாக்ஸ் ஐந்தாவதாக மின்னொலிக் கருவிகள் என்னும் வகையைச் சேர்த்தார். தெரமின் அவ்வகையைச் சார்ந்தது.

ஆயினும் இவ்வகைப்பாடு ஒலி பிறக்கும் இடத்தைச் சுட்டுகிறதேயன்றி, அக்கருவி கற்கப்படும் முறையைச் சுட்டவில்லை. மின்னொலிக் கருவிகளுள் பல, கட்டைகளை அழுத்தி வாசிக்கப்படுவன. அவற்றில் சுரத்தின் இடம் முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். தெரமினிலோ கட்டையும் இல்லை, மெட்டும் இல்லை, நரம்பும் இல்லை. வெற்றுவெளியில் கையை நிறுத்திச் சுரத்தைக் கண்டறிய வேண்டும். கற்பவரின் நோக்கிலிருந்து பார்த்தால் இக்கருவி மிடற்றுக்கே மிக நெருக்கமானது. பாடுபவரும் தம் மிடற்றில் சுரத்தின் இடத்தைக் கண்ணால் காண்பதில்லை. விரலால் தொடுவதும் இல்லை. செவியின் ஆணைக்கு உடல் பணிவதே அங்கு நிகழ்கிறது.

இந்நெருக்கத்தை அடிப்படையாகக் கொண்டு, தெரமினில் செவ்வியல் இசை கற்றலைப் பற்றிய சில கருத்துகளை இக்கட்டுரை முன்வைக்கிறது. இளமையில் வயலின் பயின்றவரும், கடந்த இரண்டாண்டுகளாகத் தெரமினில் மேலைச் செவ்வியல் இசையின் தொடக்கப் பாடங்களைப் பயின்று வருபவருமான இக்கட்டுரையாளரின் பட்டறிவும் ஆங்காங்கே சான்றாகக் கொள்ளப்படுகிறது.

கருவியும் அதன் இயக்கமும்

இக்கருவியை உருவாக்கியவர் லெவ் தெர்மென் (1896–1993) என்னும் ருசிய இயற்பியலாளர். பெத்ரோகிராதில் ஆப்ராம் யோஃபேயின் தலைமையில் இயங்கிய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, 1920ஆம் ஆண்டையொட்டி அவர் இதனை உருவாக்கினார். அவர் செல்லோ பயின்றவர் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. செல்லோவும் மெட்டில்லாத கருவி. சுரத்திலிருந்து சுரத்துக்கு இழைந்து செல்ல வல்லது.

கருவியின் இயக்கம் எளிய கூட்டல் கழித்தல் கணக்கை ஒத்தது. உள்ளே மிகுந்த அதிர்வெண்ணில் இயங்கும் இரண்டு மின்னலை இயற்றிகள் உள்ளன. ஒன்றின் அதிர்வெண் மாறாதது, மற்றொன்றினது மாறுவது. இரண்டுமே மனிதச் செவிக்கு எட்டாதவை. ஆனால் அவை கலக்கும்போது அவற்றின் வேறுபாட்டிற்கு நிகரான அதிர்வெண் செவிக்கு எட்டுகிறது. எடுத்துக்காட்டாக, ஒன்று நொடிக்கு 3,00,000 முறையும் மற்றொன்று 3,00,440 முறையும் அதிருமாயின், 440 ஹெர்ட்ஸ் அளவிலான சுரம் கேட்கும். மேலை இசைக்குழுவினர் தம் கருவிகளைச் சுருதி சேர்க்கப் பயன்படுத்தும் சுரம் அதுவே.

மாறும் இயற்றியோடு நிமிர்ந்து நிற்கும் ஓர் உலோகக் கம்பி இணைக்கப்பட்டுள்ளது. வலக்கை அக்கம்பியை நெருங்கும்போது கைக்கும் கம்பிக்கும் இடையிலான மின்தேக்கு அளவு நுண்ணிதாக மாறுகிறது. அதனால் சுருதி உயர்கிறது. கை விலகினால் சுருதி தாழ்கிறது. பக்கவாட்டில் உள்ள உலோக வளையம் ஒலியளவை ஆள்வது. இடக்கை அதனை நெருங்கினால் ஒலி அடங்கும், விலகினால் எழும்.

இங்கு உடல் முழுவதும் மின்சுற்றின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. கை மட்டுமன்றித் தோளின் சாய்வும், தலையின் அசைவும், ஆழ்ந்த மூச்சில் மார்பு விரிவதும் சுருதியை மாற்ற வல்லன. அறைக்குள் ஒருவர் நுழைந்தாலும் சுரம் பிறழும். இரும்பு அலமாரி ஒன்றை இடம் மாற்றினால் கருவியை மீண்டும் சுருதி சேர்க்க நேரும். கிளாரா ராக்மோர் இசைக்கும் ஒளிப்படங்களில் காணப்படும் சிலைபோன்ற அசைவின்மை மேடை அழகுக்காகக் கொண்டதன்று. கருவி கோரும் ஒழுக்கம் அது.

எளிமை என்னும் வாக்குறுதி

1922இல் தெர்மென் இக்கருவியை லெனினிடம் இயக்கிக் காட்டினார். லெனினின் கைகளைத் தாம் பிடித்து வழிகாட்டியதாகவும், சற்று நேரத்தில் கிளின்காவின் 'வானம்பாடி' என்னும் பாடலை லெனின் தாமே இசைக்கத் தொடங்கியதாகவும் தெர்மென் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். தொடாமல் ஒலிக்கும் கருவி, முதன்முறை நின்றவரும் இசைக்கலாம் என்னும் இக்காட்சி அதன் பிற்கால வரலாறு முழுவதிலும் தொடர்ந்தது.

1927இல் ஐரோப்பிய அரங்குகளில் கருவியை அறிமுகப்படுத்திய தெர்மென், அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்கா சென்றார். 1928இல் அங்குக் காப்புரிமை பெற்றார். ஆர்.சி.ஏ. நிறுவனம் உரிமம் பெற்று 1929இல் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஒரு மெட்டை முணுமுணுக்கவோ சீழ்க்கையடிக்கவோ தெரிந்த எவரும் இதனை இசைக்கலாம் என்பதே விளம்பரத்தின் சாரம். சுமார் 500 கருவிகளே செய்யப்பட்டன. உற்பத்தி விரைவில் நின்றுபோயிற்று. 1929ஆம் ஆண்டின் பங்குச்சந்தை வீழ்ச்சி இதற்கு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பொருளியலை மட்டும் காரணமாகக் கொள்வது பொருந்தாது. வாங்கியவர்கள் வீட்டில் கருவியின் முன் நின்றபோது, விளம்பரத்தில் கேட்டதற்கு மாறான ஓர் ஓலமே எழுந்திருக்கும் என்பதைத் தெரமினைப் பயின்ற எவரும் ஐயமின்றி உணர்வர். பயிற்றுமுறை உருவாகாத ஒரு கருவியை எளிது என்று விற்றதன் விளைவு இது.

செவ்வியல் அரங்கு கருவிக்கு அக்காலத்திலேயே திறந்திருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். ஜோசப் ஷில்லிங்கர் எழுதிய 'முதல் வான்னொலித் தொகுப்பு' என்னும் படைப்பை 1929இல் கிளீவ்லாந்து இசைக்குழுவுடன் இணைந்து தெர்மெனே இசைத்தார். படைப்பும் இருந்தது, அரங்கும் இருந்தது, கருவியும் இருந்தது. கற்பவர் ஏறிச் செல்வதற்குரிய படிகள்தாம் இல்லை.

ராக்மோர் அமைத்த படிகள்

அப்படிகளை அமைத்தவர் கிளாரா ராக்மோர் (1911–1998). வில்னியசில் பிறந்த அவர், மிகச் சிறு வயதிலேயே பீட்டர்ஸ்பர்க் இசைக்கல்லூரியில் வயலின் பயிலச் சேர்க்கப்பட்டவர். லியோபோல்ட் ஆவரின் மாணவி. அமெரிக்காவில் குடியேறிய பின், வில் பிடிக்கும் கையில் ஏற்பட்ட நோயினால் வயலினைக் கைவிட நேர்ந்தது. இளமையில் உற்ற ஊட்டக்குறைவு அதற்குக் காரணம் எனக் கூறப்படுகிறது. இசைக்காகவே வளர்க்கப்பட்ட ஒருவருக்குக் கை உதவாமற் போவதன் பொருள் விளக்க வேண்டாதது. அவரிடம் எஞ்சியிருந்தது பயின்ற செவி. அச்செவிக்கு ஏற்ற வேறொரு கருவியாகத் தெரமின் அவருக்கு வாய்த்தது.

ராக்மோர் இக்கருவியை அது இருந்தவாறே ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்று ஸ்தாயி அளவில் இருந்த ஒலியெல்லை ஐந்து ஸ்தாயியாக விரிய வேண்டும் என்றார். இடக்கையின் அசைவுக்கு ஒலியளவு இன்னும் விரைந்து பணிய வேண்டும் என்றார். தெர்மென் அவ்வாறே அவருக்கெனத் தனிக் கருவி ஒன்றைச் செய்தளித்தார். இரண்டாவது வேண்டுகோளே பயிற்சி நோக்கில் முதன்மையானது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வலக்கை நகரும்போது இடைப்பட்ட சுருதிகள் அனைத்தும் ஒலிக்கும். இடக்கை அக்கணத்தில் ஒலியைத் தாழ்த்தினால் அச்சறுக்கல் மறையும். சுரங்கள் தனித்தனியாகக் கேட்கும். ஒலியளவு மெல்லவே பணியுமாயின் விரைவான சொற்கட்டுகளை இசைக்கவே இயலாது. வயலினில் வில்லுக்குரிய பணியை அவர் இடக்கைக்கு வகுத்தார்.

வலக்கைக்கு அவர் வகுத்தது வான்வெளி விரலமைப்பு. முன்னர்க் கை முழுவதையும் முன்னும் பின்னும் அசைத்துச் சுரத்தைத் தேடினர். ராக்மோர் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துப் பிடித்து, மற்ற விரல்களை மடக்கியும் நீட்டியும் அணிமைச் சுரங்களை அடைந்தார். தொலைவுக்கு மட்டும் கையை நகர்த்தினார். இதனால் தேடல் குறைந்தது. ஓர் இடைவெளிக்கு இன்ன விரலசைவு என்னும் உடல்நினைவு உருவாயிற்று.

1934இல் நியூயார்க்கின் டவுன் ஹால் அரங்கில் அவர் தெரமின் கலைஞராக அறிமுகமானார். 1977இல் ராபர்ட் மோக் பதிப்பில் வெளிவந்த அவரது இசைத்தட்டில், உடன்பிறந்தவரான நாத்யா ரைசன்பெர்க் பியானோ இசைக்கிறார். ரஹ்மானினோஃபின் 'வோக்கலீஸ்', சேன்-சான்ஸின் 'அன்னம்' முதலிய படைப்புகள் அதில் உள்ளன. முன்னது சொல்லின்றிக் குரலால் பாடப்பெறுவது. பின்னது செல்லோவுக்கு எழுதப்பெற்றது. குரலுக்கும் நரம்புக்கும் உரிய நீண்ட மெல்லிசைத் தொடர்களையே அவர் தேர்ந்தார். கருவியின் இயல்பறிந்து பாடம் தேர்தலும் பயிற்றுமுறையின் ஒரு கூறே.

கற்பவர் எதிர்கொள்ளும் மூன்று இடர்கள்

இக்கட்டுரையாளரின் பயிற்சியில் வெளிப்பட்ட இடர்களை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, சுரத்தின் இடம் நிலையாமை. வயலினில் சுரத்தின் இடம் விரற்பலகையில் ஒரு புள்ளி. மெட்டு இல்லாவிடினும் பலகையின் நீளம் நாளும் மாறுவதில்லை. தெரமினில் நேற்றுக் கை நின்ற இடம் இன்று அதே சுரத்தைத் தரும் என்பதற்கு உறுதியில்லை. அன்றியும் பெரும்பாலான கருவிகளில், கம்பிக்கு அண்மையில் சுரங்கள் நெருங்கியும் சேய்மையில் அகன்றும் அமைகின்றன. எனவே நிலையான இடங்களை மனனம் செய்வது பயன்படாது. இடைவெளிகளையே கற்க வேண்டும். இக்கட்டுரையாளர் முதல் மூன்று மாதங்கள் சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டு, ஆதார சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கும் மீண்டும் சட்ஜத்துக்கும் செல்லும் பயிற்சியை மட்டுமே மேற்கொண்டார். மேலை இசை பயில்வோர்க்கும் தொடர்ந்தொலிக்கும் ஆதார சுருதியே சிறந்த துணை என்பது அப்பயிற்சியில் தெளிவாயிற்று.

இரண்டாவது, கேட்டபின் திருத்துதல். தொடக்கநிலையில் கை ஓரிடத்தில் நிற்கும். பிழையான சுரம் ஒலிக்கும். பிறகு செவி அதனை உணர்ந்து கை நகரும். கேட்பவர்க்கு ஒவ்வொரு சுரமும் நொண்டியபடி வருவதாகத் தோன்றும். இதனைத் தவிர்க்க, ஒலிக்கப்போகும் சுரம் ஒலிக்கும் முன்னரே மனச்செவியில் கேட்டிருக்க வேண்டும். ஆதலின் தெரமின் பாடத்தை முதலில் பாடிப் பழக வேண்டும். பாட இயலாத தொடரை இக்கருவியில் இசைக்க இயலாது என்பது இக்கட்டுரையாளர் கண்ட உண்மை.

மூன்றாவது, நடுக்க அசைவின் ஏமாற்று. வைப்ராட்டோ எனப்படும் கைநடுக்கம் சுரத்துக்கு உயிரூட்டுவது. அதே வேளையில் பிழையை மறைப்பது. சுருதி சற்றே விலகியிருந்தாலும் நடுக்கம் மேலும் கீழுமாகச் சென்று சரியான இடத்தையும் தொட்டு மீள்வதால், இசைப்பவரின் செவி நிறைவடைந்து விடுகிறது. ஓராண்டு கழித்துத் தம் வாசிப்பைப் பதிவுசெய்து கேட்டபோதுதான், சரியென்று தாம் நம்பிய சுரங்களுள் பல தாழ்ந்தே நின்றிருந்தமையை இக்கட்டுரையாளர் உணர்ந்தார். அதன்பின் நடுக்கத்தை முற்றிலும் நீக்கி, சுரத்தை நேர்க்கோடாக நிறுத்தும் பயிற்சியை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

இம்மூன்று இடர்களும் ஒருங்கே வெளிப்படும் இடமாக 'அன்னம்' படைப்பின் தொடக்கத்தைக் கூறலாம். அதன் மெட்டு முதற்சுரத்திலிருந்து அரைச்சுரம் இறங்குகிறது. அங்கிருந்து பஞ்சமத் தொலைவு கீழே செல்கிறது. பின்னர் மத்திமத் தொலைவு மேலே எழுகிறது. கேட்பவர்க்கு நீர்ப்பரப்பில் வழுக்கிச் செல்வது போன்று எளிதாகத் தோன்றும் தொடர் இது. இசைப்பவர்க்கோ முதலசைவு ஒரு விரலின் நுண்ணிய மடக்கம்; அடுத்தது கையின் பெயர்ச்சி; அப்பெயர்ச்சியின்போது இடக்கை ஒலியைத் தாழ்த்தாவிடின் அன்னத்துக்கு மாறாக ஊளையே கேட்கும். முற்றும் தாழ்த்திவிட்டாலோ தொடரின் இழைவு அறுந்துபோகும். எவ்வளவு சறுக்கலை விடுவது, எவ்வளவு மறைப்பது என்னும் தேர்வே இங்கு இசையறிவு. தெரமினில் சறுக்கல் இயல்பாகவே உள்ளது. அதனை வேண்டிய இடத்தில் மட்டும் வைப்பதே கல்வி. இந்நான்கு சுரங்களை ஏற்கத்தக்க அளவில் இசைக்க இக்கட்டுரையாளர்க்கு நான்கு மாதங்கள் தேவைப்பட்டன.

சுருதித் திருத்தம்: துணையா, தடையா?

2014இல் மோக் நிறுவனம் தெரமினி என்னும் கருவியை வெளியிட்டது. அதில் சுருதித் திருத்தம் என்னும் வசதி உண்டு. கற்பவர் தாம் வேண்டும் சுரவரிசையைத் தேர்ந்து திருத்தத்தை முழு அளவில் வைத்தால், கை எங்கு நின்றாலும் அவ்வரிசையின் அணிமைச் சுரமே ஒலிக்கும். அளவைக் குறைத்துக்கொண்டே வந்தால் பழைய தெரமினைப் போலவே இயங்கும்.

இவ்வசதிக்குச் சார்பான வாதங்கள் புறந்தள்ளத்தக்கன அல்ல. முதல்நாளிலேயே இனிய ஒலி கேட்பதால் கற்பவரின் ஊக்கம் குன்றாது. உடலியக்கக் குறையுடையோர்க்கு இசையில் ஈடுபட ஒரு வாயில் திறக்கிறது. அவர்களைப் பொறுத்தவரை இவ்வசதி பெரும்பேறு. அதில் மாற்றுக்கருத்துக்கு இடமில்லை. திருத்தத்தின் அளவைக் குறைத்துக்கொண்டே செல்லலாமாதலின், நீந்தக் கற்பவர் கட்டிக்கொள்ளும் சுரைக்குடுக்கை போன்றது இது எனவும் வாதிடலாம்.

ஆனால் அவ்வுவமை செவ்வியல் இசைப் பயிற்சிக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. சுரைக்குடுக்கை நீந்துபவரை மிதக்கவைக்கிறது. ஆயினும் கைகால் அசைவின் விளைவை அவர் நீரில் உணர்கிறார். சுருதித் திருத்தமோ செயலுக்கும் விளைவுக்கும் இடையிலான உறவையே அறுத்துவிடுகிறது. கை பிழையாக நிற்கிறது. செவி சரியான சுரத்தைக் கேட்கிறது. நாள்தோறும் இது நிகழ்ந்தால் பிழையான கையிருப்பே சரியென உடல் பழகும். அதனினும் மேலாக, பிழையைக் கேட்கும் வாய்ப்பே செவிக்கு இல்லாமற் போகிறது. முற்பகுதியில் கூறிய மூன்று இடர்களையும் கடக்க உதவுவது பிழையைக் கேட்டறியும் செவி ஒன்றே. அச்செவி வளர வேண்டிய பருவத்தில் பிழையை மறைப்பது, எழுதப் பழகும் குழந்தையின் ஏட்டைத் தாமே திருத்திக் கொடுத்துவிட்டு அக்குழந்தைக்கு எழுத வரும் என்று மகிழ்வதை ஒக்கும்.

இங்கு ஆர்.சி.ஏ. விளம்பரத்தின் பழைய வாக்குறுதி மீண்டும் எழுவதைக் காணலாம். அன்று அது சொல்லளவில் நின்றது. இன்று கருவியே அதனை நிறைவேற்றித் தருகிறது. எவரும் இசைக்கலாம் என்பது மெய்யாகிவிட்டது. ஆயின் அங்கு இசைப்பவர் எவர் என்னும் வினா எஞ்சுகிறது. திருத்தத்தை விலக்கியே தொடக்கப் பாடங்கள் அமைய வேண்டும்; ஊக்கத்துக்காகத் தேவைப்படின், எளிய பாடங்களைக் குறுகிய எல்லைக்குள் அமைத்துக் கொள்ளலாம். ஐந்து சுரங்களுக்குள் அமையும் தாலாட்டு ஒன்றைத் திருத்தமின்றிப் பிழையோடு இசைத்து, அப்பிழையைத் தாமே கண்டறியும் மாணவர், திருத்தத்தின் துணையால் பெரும்படைப்பை இசைப்பவரைவிட முன்னேறியவர் ஆவார்.

பயிற்றுமுறையும் கருவியின் வாழ்வும்

இக்கருவி ஒருகாலத்தில் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. 1938இல் தெர்மென் சோவியத் நாட்டுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு கைதுசெய்யப்பட்டுக் கொலிமா முகாமுக்கு அனுப்பப்பட்டார். பின்னர்ச் சிறைப்பட்ட அறிவியலாளர்க்கான ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். மேலை நாடுகளில் அவர் இறந்துவிட்டதாகவே பலரும் எண்ணினர். தெரமினின் ஒலியோ திரைப்படங்களில் அச்சத்துக்கும் வேற்றுலகத்துக்கும் அடையாளமாயிற்று. 1945இல் வெளிவந்த 'ஸ்பெல்பவுண்ட்', 1951இல் வெளிவந்த 'த டே த எர்த் ஸ்டுட் ஸ்டில்' ஆகிய படங்களின் இசை இதற்குச் சான்று. அவை தம்மளவில் சிறந்த திரையிசைகளே. ஆனால் அவ்வொலியை மட்டுமே கேட்ட தலைமுறைக்குத் தெரமின் ஓர் இசைக்கருவி என்பதே மறந்தது.

அதனை மீட்டது கருவித் தொழில்நுட்பத்தோடு கற்பித்தலும் ஆகும். முதுமையில் தெர்மென் மாஸ்கோவில் தம் உறவினர் வழிவந்த லிடியா கவினா என்னும் ஒன்பது வயதுச் சிறுமிக்கு இக்கருவியைக் கற்பித்தார். கவினா பலருக்குக் கற்பித்தார். ஜெர்மனியின் கரோலினா ஐக்கும், ஜப்பானின் மசாமி தகேயுச்சியும் அவரிடம் பயின்றவர்கள். ஐக் 2006இல் வெளியிட்ட பயிற்சி நூலில், மூடிய கையிலிருந்து விரிந்த கை வரையில் எட்டு விரல்நிலைகளை வகுத்து ஒரு ஸ்தாயியை அவற்றுள் அடக்கினார். ராக்மோரின் விரலமைப்பிலிருந்து இது வேறுபட்டது. ஆயினும் தேடுவதைத் தவிர்த்து அறிந்து அடைவது என்னும் நோக்கம் ஒன்றே. இப்பயிற்சியின் பயனாகப் புதிய படைப்புகளும் தோன்றின. ஃபின்லாந்தின் காலெவி ஆஹோ 2011இல் தெரமினுக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதிய 'எட்டுப் பருவங்கள்' ஐக்கை மனத்திற்கொண்டு இயற்றப்பட்டதே. இசைப்பவர் உள்ள இடத்தில்தான் படைப்பாளர் எழுதுவார்.

தமிழியல் ஆய்வாளர்க்கு இவ்வரலாறு ஓர் இழப்பை நினைவூட்டாமற் போகாது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை யாழாசிரியனின் தகுதிகளை விரித்துரைக்கிறது. கானல்வரி, யாழ் நரம்பில் விரல் செய்யும் தொழில்களுக்கு உந்தல், உருட்டல், அள்ளல் முதலான பெயர்களைத் தருகிறது. உரையாசிரியர்கள் அவற்றுக்கு விளக்கமும் தந்துள்ளனர். விபுலாநந்த அடிகள் நெடுங்கால உழைப்பின் பயனாக 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். இத்தனை இருந்தும் அவ்விரல் அன்று எவ்வாறு அசைந்தது என்பதை நமக்குக் காட்ட ஒருவரும் இல்லை. பெயர் எஞ்சியது, கை எஞ்சவில்லை. நூல் கலையைக் காக்கும் என்று நம்பும் துறையினராகிய நாம், ஆசிரியர் வழி அறுபட்ட இடத்தில் நூல் எவ்வளவு காக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தெரமினுக்குக் கவினா என்னும் ஒரு கண்ணி வாய்த்தது. அக்கண்ணி இல்லாதிருந்தால் ராக்மோரின் ஒலிப்பதிவுகள் இருந்தும், எட்டாத வியப்பாகவே அவை எஞ்சியிருக்கக்கூடும்.

மாற்றுக்கருத்து ஒன்று

வேற்று ஒலிகளுக்கும் தன்னியல்பான சறுக்கல்களுக்கும் பிறந்த கருவியை, வயலினுக்கும் குரலுக்கும் எழுதப்பட்ட பழம்படைப்புகளில் ஏன் கட்டிப்போட வேண்டும் என்னும் வினா எழலாம். நேர்மையான வினா இது. தெரமினுக்குச் செவ்வியல் இசை ஒன்றே உரியது என்று இக்கட்டுரை கூறவில்லை. ஆனால் பலரும் அறிந்த மெட்டில்தான் பிழை மறையாது. 'அன்னம்' மெட்டை அறிந்தவர் முன்னிலையில் சுரம் பிறழ்ந்தால் அது பிறழ்ச்சியே. அதனைப் புதுமை என்று சாதிக்க இயலாது. அத்தேர்வில் தேறியவர் பின்னர் எவ்வகை ஒலியை எழுப்பினாலும் அது அவர் விரும்பி எழுப்பியதாக இருக்கும். கட்டுப்பாட்டை அடைந்தவருக்கே விடுதலை பொருளுடையது.

முடிவுரை

தெரமினின் நூறாண்டு வரலாறு, கருவி தோன்றுவதும் கருவி வாழ்வதும் வெவ்வேறு என்பதைக் காட்டுகிறது. தோற்றுவித்தவர் இயற்பியலாளர், வாழவைத்தவர்கள் விரல்நிலைகளை வகுத்தோரும் அவற்றைச் சிறுவர்க்குக் கற்பித்தோரும் ஆவர். எளிமை என்னும் வாக்குறுதி அதனைக் கடைகளுக்குக் கொண்டுசென்றது. கடுமையான செவிப்பயிற்சியே அதனை அரங்கில் நிறுத்தியது. ஆதலின் தொடக்கநிலையில் சுருதித் திருத்தத்தை விலக்கல், பாடிப் பழகியபின் இசைத்தல், ஆதார சுருதியோடு பயிலுதல், நடுக்கமின்றிச் சுரம் நிறுத்தியபின் நடுக்கம் சேர்த்தல், பதிவுசெய்து கேட்டல் ஆகிய ஐந்தும் இக்கருவியின் அடிப்படைப் பாடமாதல் வேண்டும்.

இக்கட்டுரையாளர் இன்னும் 'அன்னம்' முழுவதையும் இசைக்கும் நிலையை எய்தவில்லை. ஆயினும் சுரம் பிறழும்போது, அது பிறழ்ந்ததைக் கருவி கூறுமுன் செவி கூறுகிறது. இரண்டாண்டுப் பயிற்சியில் பெற்றது அவ்வளவே. தொடர்ந்து கற்பதற்கு அது போதும்.